குயிலுவர் செவியும் அரங்கின் அளவும்

கோலசிலாங்கூர் நகரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், சிலாங்கூர் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் கம்போங் குவாந்தான். பொழுது சாய்ந்தபின் அங்கே துடுப்புப் படகில் செல்வோர், கரையோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் மொய்த்திருத்தலைக் காண்பர். தமிழ்நாட்டு வயல்வெளிகளில் மின்மினி ஒன்று இங்கும் ஒன்று அங்குமாக மினுக்கும். இங்கோ மரம் முழுவதும் ஒருசேர ஒளிர்ந்து ஒருசேர அவியும். தாளம் தவறாத ஒரு பெரிய மேளம், ஓசையை மட்டும் நீக்கிவிட்டு ஒளியால் வாசிப்பது போன்ற காட்சி அது.

தென்கிழக்காசியாவின் இக்காட்சி நெடுங்காலம் அறிஞரை மயக்கிற்று. 1690இல் சயாம் நாட்டு ஆற்றில் சென்ற ஜெர்மானிய மருத்துவர் எங்கல்பெர்ட் கெம்பர் இதனைக் கண்டு எழுதிவைத்தார். பின்வந்தோர் பலர் இதனை நம்பவில்லை. 1917இல் ஒருவர், பூச்சிகள் ஒருசேர மின்னவில்லை, காண்பவர் இமை துடிப்பதே அப்படித் தோற்றுகிறது என்று எழுதினார்! மரத்தில் எங்கேனும் ஒரு தலைமைப் பூச்சி இருந்து ஏனையவற்றை நடத்துகிறது என்று கருதினோரும் உண்டு. 1965இல் ஜான் பக், எலிசபெத் பக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இணையர் தாய்லாந்து சென்று, மின்மினிகளைப் பிடித்து வந்து, இருட்டறை ஒன்றில் பறக்கவிட்டுக் கவனித்தனர். முதலில் தத்தம் போக்கில் மின்னிய பூச்சிகள், சிறிது நேரத்தில் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் இணைந்து ஒளிரத் தொடங்கின. தலைவன் என ஒருவனும் இல்லை. ஒவ்வொன்றும் அண்டையில் உள்ளதைக் கண்டு தன் காலத்தைச் சிறிது முன்னும் பின்னும் திருத்திக்கொள்கிறது என்பது தெளிவாயிற்று.

ஒன்றையொன்று காணுதல் மின்மினிக்கு இன்றியமையாதது. ஒருவரையொருவர் கேட்டல் இசைக்கருவியாளர்க்கு இன்றியமையாதது. ஆனால் இரண்டிற்கும் ஒரு பெருவேறுபாடு உண்டு. ஒளி கண்ணிமைக்கும் முன் ஆற்றைக் கடந்துவிடும். ஒலியோ நம் நாட்டு வெப்பத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர், அதாவது 1,130 அடிதான் செல்லும். அரங்கின் வரலாற்றில் குயிலுவர் பட்ட இடர்களில் பெரும்பகுதி இந்தத் தாமதத்தால் வந்தது.

குயிலுவர் என்பது கருவி வாசிப்போரைக் குறிக்கும் பழஞ்சொல். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடம் சொல்லும் ஆசிரியர் பலரும், ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணத்தையும், அரங்கின் அளவையும், மூவகை எழினியையும் விளக்கி, மாதவி வலக்கால் முன்வைத்து ஏறிய இடத்திற்கு விரைந்து சென்றுவிடுவர். இடையில் நிற்கும் சில அடிகளில் பல்லியம் ஒன்று எவ்வாறு இயங்கிற்று என்னும் செய்தி உள்ளது. குழலின் வழியே யாழ் நின்றது. யாழின் வழியே தண்ணுமை. தண்ணுமையின் பின்வழியே முழவு. முழவோடு கூடி ஆமந்திரிகை இசைத்தது என்பது அவ்வடிகளின் கருத்து. ஆமந்திரிகை என்பதனை இடக்கை என்பர் உரைகாரர்.

இங்கே ‘வழி’ என்னும் சொல் கருதத்தக்கது. பின் என்றும் அது பொருள்படும். நெறி என்றும் பொருள்படும். நிற்கும் இடத்தைச் சொன்னதாகக் கொள்ளினும், இசையின் போக்கைச் சொன்னதாகக் கொள்ளினும், ஒன்று உறுதி. ஒவ்வொரு கருவியாளனும் எவனைக் கேட்டு வாசிக்க வேண்டும் என்பது அங்கே வரையறுக்கப்பட்டுள்ளது. எல்லோரும் எல்லோரையும் கேட்க வேண்டும் என்று இளங்கோவடிகள் கூறவில்லை. யாழோன் செவி குழலின் மேல். தண்ணுமையோன் செவி யாழின் மேல். இது சங்கிலி போன்ற ஓர் அமைப்பு. தண்ணுமையோனுக்குக் கூறிய இலக்கணத்திலும் இக்கருத்துத் தொடர்கிறது. பிற கருவிகளில் குறைவதை நிரப்புதலும் மிகுவதை அடக்குதலும் அவன் கடன். குறைவும் மிகையும் அவன் செவிக்கு எட்டாவிடில் நிரப்புவது எதனை, அடக்குவது எதனை?

இனி அரங்கின் அளவைப் பார்ப்போம். கட்டைவிரல் அகலம் இருபத்து நான்கு கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, தரையினின்று உயரம் ஒன்று. மேடைத் தளத்திற்கும் மேலே இட்ட உத்தரப் பலகைக்கும் இடைவெளி நான்கு கோல். கட்டைவிரல் அகலத்தை ஓர் அங்குலம் எனக் கொண்டால், அகலம் 14 அடி, நீளம் 16 அடி, மேற்பலகை 8 அடி உயரத்தில் நிற்கும். விரலைச் சிறிதாகக் கொள்வோர் கணக்கில் இது இன்னும் சுருங்கும். இந்த மேடையில் ஒரு மூலைக்கும் எதிர்மூலைக்கும் இடையே உள்ள தொலைவு 21 அடியே. ஒலி அத்தொலைவைக் கடக்க விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் 19 கூறு போதும். ஆயிரத்தில் ஒரு கூறு மில்லி விநாடி எனப்படும். தாளத்தை ஒட்டி இசைப்போர்க்கு 25, 30 மில்லி விநாடி வரையிலான தாமதம் பெரிய இடர் தராது. அதற்கு மேல் செல்லச் செல்ல ஒருவரையொருவர் எதிர்பார்த்துக் காலம் தளரும் என்பது பிற்கால ஆய்வுகள் காட்டிய உண்மை. புகார் நகரத்து அரங்கில் எவன் எங்கு நின்றாலும் அவ்வெல்லைக்குள்ளேயே இருந்தான்.

மேலே இருந்த பலகையும் பயன்பட்டிருக்கும். அமர்ந்து வாசிப்போன் செவி தளத்திலிருந்து 3 அடி உயரத்தில் இருக்குமாயின், அவன் எழுப்பிய ஒலி பலகையில் பட்டுத் திரும்ப 10 அடி செல்ல வேண்டும். ஒன்பது மில்லி விநாடியில் திரும்பி வரும். அவ்வளவு விரைந்து வரும் ஒலி தனியே எதிரொலியாகக் கேளாது. முதல் ஒலியோடு கலந்து அதற்கு வலுவூட்டும்.

இவ்வளவு கூறியவுடன், பண்டைத் தமிழர் ஒலியியலை முழுதும் அறிந்திருந்தனர் என்று முழங்கப் புறப்படுவோர் உளர். நூல் அவ்வாறு கூறவில்லை. அந்தப் பலகை ஒலிக்காக இடப்பட்டது என்று காதையில் ஓரிடத்தும் இல்லை. அதன்மேல் பூதங்களை எழுதி வழிபட்ட செய்திதான் உள்ளது. தூணின் நிழல் அரங்கிலும் அவையிலும் விழாதவாறு விளக்கு நிறுத்த வேண்டும் என்று ஒளியைப் பற்றி நுணுகிக் கூறும் நூல், ஒலியைப் பற்றிக் கூறாமல் விட்டதையும் நோக்க வேண்டும். பயிற்சியில் கண்ட அளவு பயனும் தந்தது என்று கொள்வதே நேர்மை. விபுலானந்த அடிகள் இக்காதையின் யாழாசிரியன் அமைதியைக் கூறும் சில அடிகளை அடிப்படையாகக் கொண்டு 1947இல் வெளிவந்த யாழ்நூலை எழுதினார். அவர் காட்டிய வழியில், குயிலுவர் நிலையைக் கூறும் அடிகளையும் ஒருவர் எடுத்து விரிவாக ஆராயலாம். அப்பணி இன்னும் எஞ்சியே நிற்கிறது.

சிலாங்கூர் மண்ணிலும் பழைய பல்லியம் ஒன்று உண்டு. 1766இல் ராஜா லுமு என்பார் சுல்தான் சலாஹுதீன் என்னும் பெயருடன் சிலாங்கூரின் முதல் சுல்தானாக முடிசூடியபொழுது, பேராக் சுல்தான் அவருக்கு நோபாட் என்னும் அரச மேளத்தை அளித்தார் என்பது மலாய் வரலாறு. முரசும், நஃபிரி என்னும் நீண்ட எக்காளமும், நாகசுரத்திற்கு உறவான செருனையும் அம்மேளத்தின் கருவிகள். முடிசூட்டு விழாவிற்கு இன்றியமையாத அம்மேளத்தார் சிலரே. நெருங்கி அமர்ந்து வாசிப்பர்.

மேலை நாட்டுப் பல்லியம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருத்தது. எண்பது, நூறு பேர் மேடையேறினர். மேடையின் அகலம் 60 அடி ஆயிற்று. ஒரு கோடியில் இருப்போர் ஒலி மறுகோடிக்குச் செல்ல 53 மில்லி விநாடி வேண்டும். நிமிடத்திற்கு 120 அடி கொண்ட நடையில் ஓர் அடியை நான்காகப் பகுத்தால் ஒவ்வொரு கூறும் 125 மில்லி விநாடி. அவ்வாறாயின் எதிர்க்கோடியைக் கேட்டு வாசிப்பவன், அச்சிறு கூற்றில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிட்டே தொடங்குகிறான். இசை நடத்துநரின் கோல் இக்காரணத்தாலும் வேண்டியதாயிற்று. அந்தக் கோல் ஒலியாக அன்றி ஒளியாகச் செல்கிறது. இவ்வகையில் நூறு பேர் கொண்ட பல்லியம் மின்மினி மரத்தை ஒத்தது. ஆயினும் மரத்திற்கு நடத்துநர் இல்லை.

கோல் காலத்தைக் காட்டும். சுருதியைக் காட்டாது, மென்மை வன்மையை முழுதும் காட்டாது. அவற்றைச் செவிதான் அறிய வேண்டும். வயலின் வாசிப்போனின் இடச்செவிக்கு அருகே அவனுடைய கருவியே உரத்து ஒலிக்கிறது. பின்னே எக்காளங்கள் முழங்குகின்றன. தொலைவில் இருக்கும் தன் தோழனின் மெல்லிசை அவனுக்கு எட்டுவது எவ்வாறு? மேடையின் பக்கச்சுவரும் மேற்கூரையும் அதனைத் திருப்பி அனுப்பினால் எட்டும். அவை மிகத் தொலைவில் இருந்தால், அல்லது ஒலியை விழுங்கும் துணியால் மூடப்பட்டிருந்தால், திறந்தவெளியில் தனித்து நிற்பவன் போல் அவன் வாசிக்க வேண்டியதுதான்.

வியப்பு யாதெனில், கட்டடக் கலைஞர் நெடுங்காலம் இதனைத் தம் கடனாகக் கருதவில்லை. அவையில் இருப்போர்க்கு நன்கு கேட்க வேண்டும் என்பதே அவர்கள் கவலை. ரிச்சர்டு வாக்னர் 1876இல் பைரூத் நகரில் திறந்த நாடக அரங்கில், பல்லியத்தாரைக் குழியில் இறக்கி அதன்மேல் மூடியும் இட்டார். அவைக்கு வரும் இசை குழைந்து கலந்து இனிதாயிற்று. குழிக்குள் இருப்போர்க்கோ தம் முழக்கமே காதை அடைக்கும். மேலே பாடுவோர் குரல் தெளியாது. காலத்தை இழுத்துப் பிடிக்கும் சுமை முழுவதும் நடத்துநர் தலைமேல் விழுந்தது.

அரங்க ஒலியியலை அறிவியலாக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வாலஸ் சபைன். 1895இல், பேச்சு விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைத் திருத்தும்படி அவரைப் பணித்தனர். இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்தும் அகற்றியும், இரவு நேரங்களில் உழைத்து, ஒலி அடங்க ஆகும் காலத்திற்கும், கூடத்தின் கொள்ளளவுக்கும், அங்குள்ள பொருள்கள் ஒலியை விழுங்கும் அளவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டார். அவ்விதியைக் கொண்டு அமைந்த பாஸ்டன் சிம்பொனி மண்டபம் 1900இல் திறக்கப்பட்டது. உலகின் சிறந்த இசை மண்டபங்களுள் இன்றும் எண்ணப்படுகிறது. அதன் மேடையைச் சூழ்ந்த சுவர்களும் கூரையும் உள்நோக்கிச் சாய்ந்தவை. ஒலியை அவைக்குத் தள்ளுவதோடு மேடையிலுள்ளோர்க்கும் ஒருபங்கை அவை திருப்பித் தந்தன. ஆயினும் சபைன் தந்த எண் எதிர்முழக்கத்தை அளக்கும் எண். கருவியாளன் செவியில் விழுவது யாது என்பதை அளக்கும் எண் அன்று.

அதன் குறை நியூயார்க்கில் வெளிப்பட்டது. 1962 செப்டம்பரில் பெருவிழாவோடு திறக்கப்பட்ட பில்ஹார்மோனிக் மண்டபத்தின் கூரையில், மேகங்கள் எனப் பெயர்பெற்ற பலகைகள் தொங்கவிடப்பட்டிருந்தன. கணக்கு இருந்தது, பணம் இருந்தது, லியோ பெரனெக் என்னும் பேரறிஞரின் துணையும் இருந்தது. கட்டும்போது திட்டம் சில இடங்களில் மாற்றப்பட்டது. திறந்த பின்னர், அவையோர் தாழ்சுருதி கேட்கவில்லை என்றனர்; கருவியாளர் தம்முள் ஒருவரையொருவர் கேட்க இயலவில்லை என்றனர். பலமுறை திருத்தியும் குறை தீராமல், 1976இல் உட்புறம் முழுவதையும் இடித்துப் புதிதாக்கினர். 2022இல் மீண்டும் ஒருமுறை முற்றிலும் மாற்றியமைத்துத் திறந்தனர். ஒரே மண்டபம் அறுபது ஆண்டுகளில் இவ்வாறு பட்டபாட்டிற்குக் கருவியாளர் முறையீடும் ஒரு காரணம்.

கருவியாளரையே கேட்டுப் பார்ப்போம் என்னும் எண்ணம் 1970களில்தான் வலுப்பெற்றது. நியூசிலாந்து அறிஞர் ஹரால்டு மார்ஷல், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கோட்லாப், அல்ரூட்ஸ் ஆகியோருடன் செய்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. எதிரொலியே இல்லாத அறைகளில் கருவியாளரை இருத்தி, செயற்கையாக மீளொலிகளை அனுப்பி, எது உதவுகிறது, எது இடர் செய்கிறது என்று கேட்டனர். ஏறத்தாழ 17 முதல் 35 மில்லி விநாடிக்குள் வந்து சேரும் மீளொலியே இணைந்து வாசிக்கப் பெரிதும் துணை செய்தது. அதிலும் நடுத்தர மேல்சுருதிகள் இன்றியமையாதவை எனக் கண்டனர்.

டென்மார்க்கு நாட்டு ஆண்டர்ஸ் கிறிஸ்டியன் காடெ 1989இல் வெளியிட்ட ஆய்வு இதனை அளக்கும் கோலாயிற்று. மேடையில் ஓர் ஒலிமூலத்தை வைத்து, ஒரு மீட்டர் தொலைவில் ஒலிவாங்கியை நிறுத்தி, நேரே வந்த ஒலிக்கும், 20 முதல் 100 மில்லி விநாடிக்குள் திரும்பி வந்த ஒலிக்கும் உள்ள விகிதத்தைக் காண்பது அவர் முறை. துணை என்னும் பொருளுடைய பெயரை அதற்கு இட்டார். பொருத்தமான பெயர். மண்டபம் கருவியாளனுக்கு எவ்வளவு துணை நிற்கிறது என்பதைத்தான் அது கூறுகிறது. துணை குறைந்தால் அவன் தன் கருவியை வருத்தி வாசிப்பான். மிகுந்தால் தன் ஒலியிலேயே அமிழ்ந்து பிறனைக் கேளான்.

மலேசியாவில் இக்கல்வியின் பயனைப் பெற்றது கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ். மலேசியப் பில்ஹார்மோனிக் பல்லியம் 1998 ஆகஸ்ட் 17ஆம் நாள் கீஸ் பாக்கெல்ஸ் நடத்த அங்கே முதன்முதல் இசைத்தது. ஏறத்தாழ 900 பேர் அமரும் நீள்சதுரக் கூடம் அது. சிகாகோவின் கிர்க்கிகார்டு நிறுவனம் ஒலியமைப்பை வகுத்தது. கூரையில் உள்ள பலகைகளை ஏற்றி இறக்கிக் கூடத்தின் கொள்ளளவையே மாற்றலாம். பல்லியத்தாருக்குப் பின்னே 4,740 குழல்கள் கொண்ட ஆர்கன் நிமிர்ந்து நிற்கிறது. நூறு பேருக்கும் சிலருக்கும் ஒரே மண்டபம் உதவ வேண்டுமாயின் இத்தகைய மாற்றம் வேண்டியதே.

அம்மண்டபத்திலிருந்து வடமேற்கே கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களுக்கு வந்தால் காட்சி வேறு. பத்தாங் பெர்ஜுந்தை அருகே தெனமாரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி பாகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை இட்டார். பால்மரமும் செம்பனையும் நிறைந்த அவ்வட்டாரத்தில் தமிழர் மாரியம்மன் திருவிழாவிற்கு வைத்த மேளம் சுவரற்ற மேளம். மேலே வானம், மீளொலி தரச் சுவரில்லை. ஆகவே நாகசுரமும் தவிலும் உரத்து ஒலிக்கும் கருவிகளாயின. ஊர்வலம் நிற்கும் இடங்களில் எதிரெதிரே நெருங்கி நின்று வாசித்தலும் வழக்கமாயிற்று. உறுமி மேளத்தார் வட்டமாக நின்று முகம் பார்த்து வாசிப்பதும் அவ்வாறே. வட்டத்தின் குறுக்களவு 10 அடியாயின் ஒலி அதனைக் கடக்க ஒன்பது மில்லி விநாடி. சுவர் செய்ய வேண்டிய பணியை அண்மையும் கண்ணும் செய்தன. கருநாடகக் கச்சேரியிலும் இதே நெறிதான். பாடுவோரை நடுவில் இருத்தி, வயலினும் மிருதங்கமும் இருபக்கமும் சற்றே உட்புறம் திரும்பி அமர, தம்புரா பின்னே ஒலிக்கும். நால்வரும் ஒரு ஜமக்காளத்தில் அடங்குவர்.

ஒலிபெருக்கி வந்தபின் இந்நெறி கலைந்தது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக மேடை அகன்றது. மேடை அகல அகலக் கருவியாளர் விலகி அமர்ந்தனர். கேட்க வேண்டியதை ஒலிபெருக்கி கேட்பித்துவிடும் என்று நம்பினர். விழாக்காலத்தில் மேடைக்கு 150 அடி தொலைவில் ஒரு தென்னையில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியை எண்ணிப் பாருங்கள். மின்னோட்டம் அங்கே நொடியில் சென்றுவிடும். ஆனால் அங்கிருந்து ஒலி மேடைக்குத் திரும்பி வர 130 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். மேலே கூறிய கணக்கின்படி விரைந்த நடையில் ஒரு முழுக் கூறு பிந்திவிடுகிறது. தவிலோன் தன் அடியைத் தானே இருமுறை கேட்கிறான். இரண்டாவது அடி பிறனுடையதோ என்று ஐயுறுகிறான். தகரக் கூரை வேய்ந்த கூடமாயின் மழை பெய்யும் ஓசையும் சேர்ந்துவிடும். இந்நிலையில் தாளம் பிசகினால் கலைஞனைக் குறைகூறுவது முறையன்று. மேடையில் கருவியாளரை நோக்கி வைக்கும் சிறு ஒலிபெருக்கிகள் இக்குறையை ஓரளவு போக்குகின்றன. ஆயினும் யாருடைய ஒலி யாருக்குக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்பவன் பொத்தானருகே அமர்ந்திருக்கும் மூன்றாமவன். குழல் வழி யாழ் என்று வகுத்த வரிசை அவன் கைக்கு மாறிவிட்டது.

தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாக்களிலும் இதனைக் காணலாம். அகன்ற மேடையின் இரு கோடியிலும் பாடும் பிள்ளைகளையும் மிருதங்கத்தையும் பிரித்து நிறுத்தி, நடுவே மலர்த்தொட்டிகளை வைப்பது கண்ணுக்கு அழகு. 40 அடி தொலைவில் 35 மில்லி விநாடி தாமதம்; பின்னே மடித்துத் தொங்கும் கனத்த திரை மீளொலியை விழுங்கிவிடும். அதே பிள்ளைகளை 14 அடிக்குள் சேர்த்து, திரைக்குப் பதிலாகப் பின்னே வெற்றுப் பலகைத் தட்டியை நிறுத்தினால், ஒலிபெருக்கியைத் தொடாமலே பாதிக் குறை தீரும். செலவு தச்சன் அரைநாள் கூலி.

கம்போங் குவாந்தானில் மின்மினி காண வருவோரிடம், கைவிளக்கு ஏற்றவேண்டா, ஒளிப்படக் கருவியின் மின்னல் வேண்டா என்று படகோட்டிகள் சொல்வர். வெளியிலிருந்து பாயும் பேரொளி பூச்சிகளின் ஒழுங்கைக் குலைக்கும். ஒன்று மற்றொன்றைக் காண்பது தடைப்படும். படகும் விசைப்பொறியின்றித் துடுப்பால்தான் செல்கிறது. விளக்கணைத்துச் சிறிது நேரம் காத்திருந்தால், ஒரு கிளையில் இரண்டு சேர்ந்து மின்னும்; பின் அக்கிளை; பின் மரம்.